நாய்க்குத் தைராய்டு: மாத்திரைக்கு முன் சரியான பரிசோதனை

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஏழு வயது. சாப்பாட்டைக் கூட்டாமலேயே ஓர் ஆண்டில் எடை ஏறி 36 கிலோவாகிவிட்டது. வாலில் முடி கொட்டி வெறும் தோல் தெரிகிறது. காதுப் புண் திரும்பத் திரும்ப வருவதால் மூன்று வாரமாக ப்ரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மருந்து) கொடுத்து வருகிறோம். பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்ததில் டி4 (தைராய்டு சுரப்பி சுரக்கும் ஹார்மோன்) அளவு 1.1 என்றும், இயல்பு அளவு 5 முதல் 12 என்றும் அச்சிட்டுத் தந்தார்கள். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறக்குறைய பூஜ்யம். ஆயுள் முழுவதும் தைராய்டு மாத்திரை வேண்டும் என்கிறார்கள். வாங்கத் தொடங்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: இன்னும் வாங்காதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்திருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் கையில் இருக்கும் அறிக்கை அதற்குச் சான்றாகாது.

தைராய்டு சுரப்பு குறையும் நோய் பெரும்பாலும் நான்கு வயதுக்கு மேற்பட்ட, நடுத்தர அல்லது பெரிய உடல்வாகுள்ள நாய்களுக்கு வருகிறது. கோல்டன் ரெட்ரீவர், டோபர்மேன், காக்கர் ஸ்பேனியல், லாப்ரடார் ஆகிய இனங்களில் இதை அடிக்கடி காணலாம். நடைக்குக் கூப்பிட்டால் எழுந்திருக்கச் சோம்பல், குளிர் தாங்காமல் வெயில் விழும் இடத்தையோ அடுப்படியையோ தேடிப் படுப்பது, இரு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்வது, உதிர்ந்த இடத்தில் தோல் கறுத்துத் தடிப்பது, வால் எலிவால் போல ஆவது, தோலிலும் காதிலும் கிருமித் தொற்று ஓயாமல் வருவது ஆகியவை இதன் அடையாளங்கள். முடி உதிரும் இடத்தில் அரிப்பு இருக்காது என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். கிருமித் தொற்று சேர்ந்துகொண்டால்தான் நாய் சொறியும். முடி கொட்டும் எல்லா நாய்க்கும் தைராய்டு என்று முடிவு கட்டுவது தவறு. உண்ணியும் பூஞ்சையும் ஒவ்வாமையும் இதைவிடப் பன்மடங்கு அதிகம்.

உங்கள் அறிக்கையில் உள்ள "5 முதல் 12" என்பது மனிதர்களுக்கான அளவு. நாய்க்கு இயல்பு அளவு, ஆய்வகத்துக்கு ஆய்வகம் சிறிது மாறினாலும், டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 4 மைக்ரோகிராம்தான். ஆகவே உங்கள் நாயின் 1.1 எல்லைக்கோட்டில் நிற்கிறதே தவிர, அதலபாதாளத்தில் இல்லை. டிஎஸ்எச் நிலையோ இன்னும் மோசம்: மனிதருக்கான டிஎஸ்எச் பரிசோதனை நாயின் டிஎஸ்எச்சைச் சரியாக அளக்காது, எனவே அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இதற்கு மேல், ப்ரெட்னிசோலோன் டி4 அளவைத் தானே இறக்கிவிடும். வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டோனும், சல்ஃபா வகை நுண்ணுயிர்க்கொல்லியும் அப்படியே. மருந்தே இல்லாமல், வேறு பெரிய நோயில் நாய் படுத்திருந்தாலும் டி4 குறைந்து காட்டும். கிரேஹவுண்ட், சலூக்கி போன்ற ஓட்ட நாய்களுக்கு இந்த அளவு பிறவியிலேயே குறைவு என்பதால், அதே உடல்வாகு கொண்ட சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களும் இதை மருத்துவரிடம் நினைவூட்டுவது நல்லது.

கால்நடை மருத்துவரின் ஒப்புதலோடு ப்ரெட்னிசோலோனைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி (நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து), அவர் சொல்லும் வாரங்கள் கடந்தபின் மறுபடி ரத்தம் கொடுங்கள். மொத்த டி4, சமநிலை டயாலிசிஸ் முறையில் ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் டி4), நாய்க்கே உரிய டிஎஸ்எச், கொலஸ்ட்ரால் ஆகிய நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். டி4 குறைந்து, டிஎஸ்எச் உயர்ந்து, கொலஸ்ட்ராலும் கூடியிருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. மாறாக, டி4 நன்றாக இயல்பில் இருந்தால் இந்த நோய் இல்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். பணம் கட்டும் முன்பே, "இது நாய்க்கான பரிசோதனையா, அறிக்கையில் நாய்க்கான இயல்பு அளவு அச்சாகுமா?" என்று கேட்டுவிடுங்கள். வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் இரண்டாம் கருத்து கேட்பதும் செலவுக்கேற்ற வழி.

"மாத்திரையைக் கொடுத்துத்தான் பார்ப்போமே" என்று சிலர் சொல்வார்கள். தைராய்டு நன்றாக உள்ள நாய்க்கும் இந்த மாத்திரை முடியை வளரச் செய்யும். அதனால் முடி வளர்ந்தது என்பதே நோய்க்குச் சான்றாகிவிடாது. வெளியிலிருந்து சுரப்பு வருவதால் நாயின் சொந்தச் சுரப்பி அடங்கிப் போகும். பிறகு உண்மையை அறிய வேண்டுமானால் பல வாரங்கள் மாத்திரையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

நாயின் ரத்தம் என்று தெரிந்தே மனிதப் பரிசோதனைக்குப் பணம் வாங்கியிருந்தால், ரசீதையும் அறிக்கையையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்து மூலமாகக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: 30 கிலோ எடையுள்ள எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு, முறையான பரிசோதனைக்குப் பிறகு, காலையும் மாலையும் 600 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் (தைராய்டு மாத்திரை) எழுதித் தந்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துப் பதறி, "மனுஷனுக்கே நூறுதான், இது எழுத்துப்பிழை" என்று 50 மைக்ரோகிராம் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார். யாரை நம்புவது?
— வாசகி, மதுரை

பதில்: மருத்துவரை நம்புங்கள். கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்; ஆனால் நாயின் கணக்கு வேறு. கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதே வழக்கமான தொடக்க அளவு. உங்கள் நாய்க்கு அது சரியாக 600 வருகிறது. நாயின் குடல் இந்த மருந்தைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. மனித ரத்தத்தில் பாதியளவு குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் மருந்து, நாயின் ரத்தத்தில் ஒரே நாளுக்குள் பாதியாகிவிடுகிறது. 50 மைக்ரோகிராமை வைத்து மாதக்கணக்கில் ஓட்டினால், பணமும் போய், "மருந்து கேட்கவில்லை" என்ற தவறான முடிவும் வந்து சேரும். சந்தேகம் இருந்தால், கடைக்காரரையே மருத்துவருடன் தொலைபேசியில் பேச வையுங்கள்.

வாங்கும் விதத்தில் மிச்சம் பிடிக்க இடம் இருக்கிறது. நூறு மைக்ரோகிராம் மாத்திரை என்றால் நாளுக்குப் பன்னிரண்டு. நூறு மாத்திரைப் புட்டி எட்டே நாளில் காலியாகும். 150 மைக்ரோகிராம் என்றால் நாளுக்கு எட்டுதான். ஆகவே புட்டியின் விலையைப் பார்க்காமல், மைக்ரோகிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். இது அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ள மருந்து; அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசும் தராதீர்கள். ஒரு தயாரிப்பைத் தொடங்கிவிட்டால் கண்டபடி மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால் மறுபடியும் ரத்த அளவைப் பார்க்க வேண்டும். புட்டி வெயிலிலும் அடுப்படிச் சூட்டிலும் இருக்கக் கூடாது.

கேள்வி: இணையத்தில் "தைராய்டைத் தானே சீராக்கும்" என்று கடற்பாசிப் பொடி விற்கிறார்கள். மாத்திரைக்குப் பதில் கொடுக்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: வேண்டாம். நாயின் சொந்த நோய்த்தடுப்பு ஆற்றலே சுரப்பியை அரித்துவிடுவதாலோ, சுரப்பி தானே சுருங்கிவிடுவதாலோதான் இந்த நோய் வருகிறது. அழிந்த சுரப்பிக்கு அயோடின் ஊட்டிப் பயனில்லை. சரிவிகிதத் தீவனம் தின்னும் நாய்க்கு அயோடின் குறைவதும் அரிது. அளவுக்கு மிஞ்சிய அயோடின் நல்ல சுரப்பியையும் கெடுக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் மாட்டின் தொண்டைப் பகுதியில் தைராய்டுச் சுரப்பி ஒட்டிக்கொண்டு வரலாம். அதைத் தொடர்ந்து தின்னும் நாய்க்குச் சுரப்பு மிகுந்து, தாகமும் உடல் மெலிவும் படபடப்பும் வரும். 2017 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதே காரணத்துக்காக மாட்டிறைச்சி அடங்கிய சில நாய் உணவுகளைப் பற்றி எச்சரித்தது. அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தொண்டைத் துண்டைத் தவிர்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மாத்திரை தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டுகிறது. பணம் வீணா?
— வாசகி, திருச்சி

பதில்: மனம் தளராதீர்கள். எங்கள் வீட்டில் வளர்ந்த காக்கர் ஸ்பேனியலுக்கும் இதே கதைதான். முதல் மாதம் சீப்பை வைத்தால் பழைய முடி பஞ்சுப் பொதி போலக் கையோடு வந்தது, நானும் பயந்தேன். புதுமுடி கீழிருந்து தள்ளுவதால் பழையது உதிர்கிறது என்று மருத்துவர் சொன்னார். நான்காம் மாதம் வாலின் வழுக்கையில் விரலை ஓட்டியபோது வெல்வெட்டுத் துணி போலப் பூமுடி தட்டுப்பட்டது. சுறுசுறுப்பு இரண்டு வாரத்துக்குள் திரும்பத் தொடங்கும். தோலுக்கும் முடிக்கும் மாதங்கள் வேண்டும்.

இப்போது நீங்கள் செலவழிக்க வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனைக்குத்தான். அதற்கு நேரம் முக்கியம்: மாத்திரை கொடுத்த நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கொடுத்தால் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் எடுங்கள். அந்த நேரத்தைச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். மாத்திரையைச் சோற்றோடு கொடுத்தால் உறிஞ்சுவது குறையும் என்பதால், வெறும் வயிற்றிலோ உணவோடோ, எப்படித் தொடங்கினீர்களோ அப்படியே தினமும் தொடருங்கள். நாய் ஓயாமல் இரைத்துக்கொண்டு, தண்ணீர் அதிகம் குடித்து, இரவில் நிலைகொள்ளாமல் நடந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். அப்போது பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். அளவு நிலைபெற்ற பிறகு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.