எமில் ஸாடோபெக் அப்படி என்னதான் பயிற்சி செய்தார்? சாதாரண ஓட்டக்காரர் அதைப் பின்பற்றலாமா?

முறையைப் பின்பற்றலாம், எண்ணிக்கையை வேண்டாம்.

செக்கோஸ்லோவாக்கியாவின் நீண்ட தூர ஓட்டக்காரரான ஸாடோபெக் என்றதும் பலரும் சொல்வது, காலையில் 50, மாலையில் 50 என ஒரே நாளில் நூறு முறை 400 மீட்டர் ஓடினார் என்பதைத்தான். அது பல வருட உழைப்புக்குப் பிறகு வந்த கட்டம். 1948 லண்டன் ஒலிம்பிக் காலத்தில் அவருடைய பயிற்சி இதுதான்: 5 முறை 200 மீட்டர், 20 முறை 400 மீட்டர், மறுபடி 5 முறை 200 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவே 200 மீட்டர் மெல்லோட்டம். கூட்டிப் பார்த்தால் வேகமாக 10 கி.மீ., மெதுவாக ஏறக்குறைய 6 கி.மீ. இதை வைத்தே 10,000 மீட்டரில் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் வாங்கினார். பிறகு 400 மீட்டரை 40 முறை வரை ஏற்றினார். நூறெல்லாம் அதற்கும் பின்னால்தான்.

இதில் சூட்சுமம் அந்த 200 மீட்டர் மெல்லோட்டம். நின்று மூச்சு வாங்கினால் இதயத்துடிப்பு நன்றாக இறங்கிவிடும், அடுத்த சுற்று புதிதாகத் தொடங்குவது போலாகிவிடும். மெல்லோட்டத்தில் துடிப்பு பாதிதான் இறங்குகிறது. ஆகவே பயிற்சி முழுக்க இதயமும் நுரையீரலும் வேலையில் இருக்கின்றன, கால்களோ பந்தய வேகத்துக்குப் பழகுகின்றன. பெரும்பாலும் கடிகாரம் பார்க்காமல் உடம்பு சொல்வதை வைத்தே ஓடினார். நாற்பதையும் தலைதெறிக்க ஓடினார் என்று நினைக்காதீர்கள், அது யாராலும் ஆகாது.

1922-ல் அந்நாட்டின் மொராவியா பகுதியில் பிறந்தவர். ஸ்லீன் நகரின் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, 1941-ல் அங்குள்ளவர்கள் கட்டாயப்படுத்தியதால்தான் முதல் பந்தயம் ஓடினார். பிறகு ராணுவத்தில் சேர்ந்து, கனமான பூட்ஸ் போட்டுப் பனியிலும் காட்டிலும் பழகினார். 1951-ல் ஒரு மணி நேரத்தில் 20,052 மீட்டர் ஓடினார். அதற்கு முன் ஒரு மணிக்குள் 20 கி.மீ. கடந்தவர் கிடையாது. 1954-ல் 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.2 விநாடியில் முடித்து, 29 நிமிடத்துக்குள் வந்த முதல் ஆள் ஆனார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் தனிக் கதை. ஜூலை 20-ல் 10,000, 24-ல் 5,000, 27-ல் மாரத்தான், மூன்றிலும் தங்கம், மூன்றிலும் ஒலிம்பிக் சாதனை. அதற்கு முன் அவர் மாரத்தான் ஓடியதே இல்லை. இங்கே கணக்கைப் பாருங்கள். 10,000 மீட்டரை 29 நிமிடம் 17 விநாடியில் ஓடியபோது ஒரு சுற்றுக்கு 70 விநாடி. மாரத்தானை 2 மணி 23 நிமிடத்தில் ஓடியபோது 400 மீட்டருக்கு 81 விநாடி. அவர் கால்களுக்கு அது நிதான வேகம். நீண்ட தூர மாரத்தான் பயிற்சி இல்லாமல் தாக்குப்பிடித்ததற்கு அந்த 11 விநாடி இடைவெளி பெரிய காரணம் என்பது என் கருத்து.

பின்பற்ற நினைப்பவர் முதலில் இரண்டு மூன்று மாதம் வாரத்துக்கு 30 கி.மீ. நிதானமாக ஓடியிருக்க வேண்டும். 10 கி.மீ.யை 50 நிமிடத்தில் ஓடுபவர் என்றால், 2 கி.மீ. மெல்லோட்டத்துக்குப் பிறகு 400 மீட்டரை 115 விநாடி வீதம் 8 முறை, நடுவே 200 மீட்டரை 80 முதல் 90 விநாடியில். வாரத்தில் ஒரு நாள் போதும். வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டி 12 வரை போகலாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் இரண்டு சுற்றில். உற்சாகத்தில் 105 விநாடியில் ஓடிவிட்டு, ஆறாவதில் 125-க்கு விழுவார்கள். அடுத்தது தரை. சிமென்ட் சாலையில் இதைச் செய்தால் முன்னங்கால் எலும்பிலும் குதிகால் தசைநாணிலும் வலி வரும், மண் தரையே நல்லது. தூரத்தையும் சரிபாருங்கள். 400 மீட்டர் என்பது உள்தடத்தின் கணக்கு, எட்டாவது தடத்தில் ஒரு சுற்றுக்கு 50 மீட்டருக்கு மேல் கூடிவிடும். ஜிபிஎஸ் வாட்ச் வளைவுகளில் தப்புக் காட்டும், மைதானத்தில் அதை நம்ப வேண்டாம். ஒரே திசையில் சுற்றுவதால் ஒரு காலுக்குச் சுமை கூடும், ஆகவே முதல் மெல்லோட்டத்தை எதிர்த்திசையில் ஓடுங்கள்.

ஸாடோபெக்குக்கே உடம்பு மக்கர் செய்தது. மனைவி டானாவைத் தோளில் சுமந்து ஓடிப் பழகியதில் குடலிறக்கம் வந்ததாகச் சொல்வார்கள். (ஈட்டி எறிதலில் 1952 ஒலிம்பிக் தங்கம் வென்றவர் டானா. இருவரும் பிறந்தது ஒரே தேதியில், ஒரே வருடத்தில்!) அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களிலேயே 1956 மெல்போர்ன் மாரத்தானில் ஓடி ஆறாவதாக வந்தார். வென்றவர், அதுவரை அவரிடம் தோற்றுக்கொண்டே இருந்த பிரான்சின் அலைன் மிமூன்.

எனவே ஏதாவது ஒரு சுற்று முதல் சுற்றைவிட 5 விநாடிக்கு மேல் சரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த வாரமும் அதே எண்ணிக்கைதான், கூட்ட வேண்டாம்.