தெரிந்த சொற்கள்தான், காதுக்குத்தான் தெரியவில்லை

"அன்றாட ஆங்கில உரையாடல்களை மூன்று மாதங்களாகத் தினமும் ஒரு மணி நேரம் கேட்டு வருகிறேன். எழுத்து வடிவத்தைப் பார்த்தால் தெரியாத சொல் என்று ஒன்றுமே இல்லை. காதால் கேட்டால் மட்டும் பாதிகூடப் புரிவதில்லை. என் காதில்தான் ஏதாவது குறை இருக்குமோ?" என்பது உங்கள் கேள்வி. அதன் கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அதே வரியை ஒரு காது மருத்துவரிடம் நேரிலேயே கேட்டவன் நான். அவர் சோதனையெல்லாம் செய்து, செவித்திறனில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது மகிழ்ச்சி வரவில்லை. பழி போட இனி காதும் இல்லையே என்றுதான் தோன்றியது. தமிழில் யாராவது தொலைபேசியில் பேசினால் உங்களுக்குச் சிரமமின்றிக் கேட்கிறது என்றால், உங்கள் காதும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஐயம் இருந்தால் ஒருமுறை சோதித்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களைப் பற்றி நானாகச் சிலவற்றை ஊகித்துக்கொள்கிறேன், தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆங்கிலத்தை நன்றாகப் படிப்பவர். மின்னஞ்சல்களைப் பிழையில்லாமல் எழுதுபவர். முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் வேகமாகப் பேசத் தொடங்கினால் மட்டும் "யெஸ், யெஸ்" என்று சொல்லிவைத்துவிட்டு, பிறகு எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர். நானும் அப்படித்தான் இருந்தேன். நான் ஆங்கில ஆசிரியனும் அல்லன், மொழியியல் படித்தவனும் அல்லன். இந்த ஒரு விஷயத்தில் பலர் முன்னிலையில் அவமானப்பட்டவன் என்பது மட்டுமே என் தகுதி.

அப்போது நான் இயந்திர உதிரிப்பாகங்களைக் கொள்முதல் செய்யும் பிரிவில் இருந்தேன். அமெரிக்க விற்பனையாளர் ஒருவருடன் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேச வேண்டும். ஒரு நாள் அவர், இரண்டாம் தவணைச் சரக்கை இந்த மாதம் அனுப்ப முடியாது என்று சொன்னார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது, "வீ கேன்ட் ஷிப் தி செகண்ட் லாட் திஸ் மந்த்." என் காதில் விழுந்தது, "வீ கேன் ஷிப் தி செகண்ட் லாட் திஸ் மந்த்." நான் நன்றி சொல்லி, நோட்டில் 'இரண்டாம் தவணை, இம்மாதமே' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டு, அன்று மாலையே மேலாளரிடம் நல்ல செய்தியாகச் சொல்லியும்விட்டேன். மாதம் முடிந்தது, சரக்கு வரவில்லை. விற்பனையாளரோ, "நான் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டேனே" என்று பதில் அனுப்பினார்.

எங்கள் அலுவலகத்தில் வெளிநாட்டு அழைப்புகள் பதிவு செய்யப்படும். மேலாளர் அந்தப் பதிவைக் கூட்ட அறையில் ஐந்து பேர் முன்னிலையில் ஒலிபெருக்கியில் போட்டார். என்னைக் கடிந்துகொள்வது அவர் நோக்கமல்ல, யார் பக்கம் தவறு என்று பார்க்கத்தான் போட்டார் என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நான்கு முறை போட்டார்கள். நான்கு முறையும் எனக்குக் 'கேன்' என்றுதான் கேட்டது. மேசையின் கோடியில் அமர்ந்திருந்த ஒரு புதிய ஊழியர், இரவுப் பணியில் வாடிக்கையாளர் அழைப்புகளை இரண்டு ஆண்டுகள் எடுத்துவிட்டு எங்களிடம் வந்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அவர் 'கேன்' என்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிறாரே, அப்படியானால் முடியாது என்றுதான் அர்த்தம்."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் புரிந்தது, அதற்கு முன் கேட்ட நூற்றுக்கணக்கான உரையாடல்களில் புரியவில்லை. முடியும் என்று சொல்லும்போது ஆங்கிலம் பேசுபவர்கள் 'கேன்' என்பதை முழுதாக உச்சரிப்பதே அரிது. உயிரெழுத்து தேய்ந்து 'க்ன்' என்று ஒரு முனகலாக ஓடிவிடும். அழுத்தம் அடுத்து வரும் வினைச்சொல்லின் மீது விழும். முடியாது என்றால் அந்தச் சொல் அழுத்தம் பெற்று 'கேன்' என்று முழுதாக ஒலிக்கும். அமெரிக்கர்கள் பலர் இறுதியில் வரும் 'ட்' ஒலியை நாக்கிலேயே நிறுத்திவிடுவார்கள், வெளியே விடமாட்டார்கள். நான் தேடிக்கொண்டிருந்தது இல்லாத 'ட்' ஒலியை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கவனிப்பதோ உயிரெழுத்தையும் அழுத்தத்தையும். தென் இங்கிலாந்துப் பேச்சில் 'கான்ட்' என்று நெடிலாகச் சொல்வதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

இனி உங்கள் மூன்று மாதங்களுக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் கேட்பது தவறில்லை. ஆனால் புரியாத இடம் எது, அங்கே உண்மையில் என்ன ஒலித்தது என்று நின்று பார்க்காமல் கேட்டால், முதல் நாள் தவறவிட்டதையே தொண்ணூறாவது நாளும் தவறவிடுவோம். நான் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு செய்தது மிகச் சிறிய வேலை. அரை நிமிட உரையாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, எழுத்து வடிவத்தைப் பார்க்காமல், நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன். எழுதி முடித்த பிறகு சரியான வடிவத்தோடு ஒப்பிட்டேன். முதல் நாள் கணக்கு இன்னும் என் நோட்டில் இருக்கிறது: மொத்தம் 82 சொற்கள், நான் பிடித்தது 51. தவறவிட்ட 31 சொற்களில் எனக்கு உண்மையிலேயே பொருள் தெரியாதவை 2. மற்ற 29 சொற்களும் 'டு', 'ஆஃப்', 'ஹேவ்', 'ஹிம்', 'தெம்' என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்த பொடிச் சொற்கள்.

அவற்றில் ஒரு வாக்கியத்தை மட்டும் காட்டுகிறேன். எழுத்தில், "வாட் ஆர் யூ கோயிங் டு டூ". ஒலிப்பதிவில் அந்தப் பெண்மணி சொன்னது ஏறக்குறைய "வாடயா கன டூ". நான் தண்ணீரைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்று நினைத்து 'வாட்டர்' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தேன். அதே பக்கத்தில் 'ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்' என்பது 'ஷுடவ் டோல்டிம்' என்று வந்தது; 'டோல்டிம்' என்பது யாரோ ஒருவரின் பெயர் என்று முடிவுகட்டியிருந்தேன்.

இதைக் கேட்டு ஆங்கிலக்காரர்கள் சொற்களை விழுங்குகிறார்கள் என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று புத்தகத்தில் படித்துத் தமிழ் கற்ற ஒருவரிடம் 'வந்துட்ருக்கேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'என்னவென்று தெரியவில்லை' என்பதை 'என்னன்னு தெரியல' என்று சொல்லிப் பாருங்கள். அவரும் தன் காதைத்தான் சந்தேகிப்பார். இரண்டு சொற்கள் சேரும்போது ஒலி மாறும் என்பதற்காக உயிரீற்றுப் புணரியல், மெய்யீற்றுப் புணரியல் என்று நன்னூல் தனித்தனி இயல்களே வகுத்திருக்கிறது. காசு, இல்லை என்ற இரண்டும் சேர்ந்து 'காசில்லை' ஆகும்போது நடுவிலிருந்த குற்றியலுகரம் எங்கே போயிற்று என்று நாம் யாரும் தேடுவதில்லை. அந்த உகரத்துக்கு அரை மாத்திரைதான் என்று நம் இலக்கணம் அளந்து சொல்கிறது. ஆங்கிலத்தின் அழுத்தமில்லாத உயிர்களும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டபோது எனக்குப் பாதிக் கோபம் தணிந்தது. இலக்கணம் அறிந்தவர்கள், இரண்டும் ஒன்றல்ல என்று சண்டைக்கு வர வேண்டாம். ஒன்றென்று நான் சொல்லவில்லை, எனக்குப் புரிந்துகொள்ள உதவியது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நாம் நாள் முழுவதும் தமிழுக்குள் வைத்துப் புழங்குகிற ஆங்கிலச் சொற்களே காதை ஏமாற்றுகின்றன. 'ஹோட்டல்' என்று முதல் அசையை அழுத்திப் பழகிய நமக்கு, இரண்டாம் அசையை அழுத்திச் சொல்லப்படும் 'ஹொடெல்' பிடிபடுவதில்லை. 'டெவலப்' என்பது 'டிவெலப்' என்று வரும்போதும், 'கம்ஃபர்டபிள்' என்பது மூன்றே அசையில் 'கம்ஃப்டபிள்' என்று ஓடும்போதும் அப்படித்தான். தெரியாத சொல் என்றால் எச்சரிக்கையாவது வரும்; தெரிந்த சொல் வேறு உடையில் வந்தால் நாம் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளியில் எங்களுக்கும் ஆங்கிலச் சொல்வதெழுதுதல் உண்டு. ஆசிரியர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அதையும் மும்முறை சொல்லி, காற்புள்ளி எங்கே வருகிறது என்பதையும் அறிவிப்பார். நான் பலமுறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இரண்டு சொற்களை ஒட்டிச் சொன்னால் எப்படி ஒலிக்கும் என்பதைப் பள்ளிப் படிப்பு முழுவதிலும் ஒருவரும் ஒருமுறைகூடச் சொல்லித் தரவில்லை. பிற்காலத்தில் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு பயிற்சி வகுப்பிலும் இதே கதைதான். அவர்கள் தந்த உரையாடல்களில் ஒருவர் முழுதாகப் பேசி முடித்த பிறகே மற்றவர் வாய் திறப்பார்; யாரும் இடைமறிப்பதில்லை, தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விட்டு வேறு வாக்கியத்துக்குத் தாவுவதில்லை, 'யூ நோ', 'ஐ மீன்' என்று இழுப்பதில்லை. நேர்ப்பேச்சில் இவை இல்லாத ஒரு நிமிடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

மெதுவான ஒலிப்பதிவுகளைக் கேட்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959 அக்டோபரில் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பு, சுமார் 1,500 அடிப்படைச் சொற்களைக் கொண்டு, வழக்கமான வேகத்தைவிட மூன்றில் ஒரு பங்கு மெதுவாக வாசிக்கப்பட்டது. புதிதாகத் தொடங்குபவருக்கு அது பெரிய துணை, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் வேண்டுமென்றே மெதுவாக வாசிக்கும்போது, விழுங்க வேண்டிய ஒலிகளை விழுங்காமல் முழுதாகச் சொல்லிவிடுகிறார். உங்களைத் தோற்கடிக்கும் 'வாடயா' அங்கே வருவதே இல்லை. அதற்குப் பதில் இயல்பான வேகத்தில் பேசியதை எடுத்து, கருவியில் வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். குரல் சற்று இழுபட்டுக் கேட்கும். ஆனால் விழுங்கியது விழுங்கியபடியே இருக்கும். நீங்கள் பழக வேண்டியது அதைத்தான்.

திரையில் ஓடும் வரிகளை முதலிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம். கண் முந்திக்கொண்டு படித்துவிடும், காது கேட்டதாக நாம் நம்பிவிடுவோம். உங்கள் மூன்று மாதத்தில் எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மூன்று முறை கேட்டு, எழுதி, தோற்ற பிறகு எழுத்து வடிவத்தைத் திறக்கலாம். திறந்ததும் தவறவிட்ட துண்டை மட்டும் பேசியவர் சொன்ன அதே தேய்வோடு ஐந்தாறு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெள்ளைக்காரரைப் போலப் பேசச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். உங்கள் உச்சரிப்பு உங்களுடையதாகவே இருக்கட்டும். என்னுடையதும் இன்றுவரை என்னுடையதுதான். என் வாய் ஒருமுறை உருட்டிப் பார்த்த ஒலியை என் காது அடுத்த முறை எளிதில் அடையாளம் கண்டுகொண்டது என்பது என் அனுபவம், அவ்வளவே. தினமும் இருபது நிமிடத்துக்கு மேல் நான் இதைச் செய்ததில்லை. செய்தால் தலை வலிக்கும்.

தொலைபேசியில் புரியவில்லை என்பதற்காக உங்களைத் தனியாக நொந்துகொள்ளாதீர்கள். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். 'எஸ்', 'எஃப்' ஆகிய இரண்டையும் பிரித்துக் காட்டும் கீச்சொலி பெருமளவு அதற்கு மேலே இருப்பதால், அது வழியிலேயே வெட்டுப்பட்டுவிடும். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது 'எஸ் ஃபார் சியர்ரா', 'எஃப் ஃபார் ஃபாக்ஸ்ட்ராட்' என்று அவர்களே துணைச்சொல் சேர்ப்பது இதனால்தான். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்ற எண்களையும் நான் ஒருபோதும் காதை நம்பி எழுதுவதில்லை; 'ஒன் ஃபைவ்' அல்லது 'ஃபைவ் ஸீரோ' என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அதே விற்பனையாளரின் அழைப்புகளில் எனக்குப் பெரும்பகுதி புரிந்தது. முழுதும் புரிந்தது என்று எழுதினால் அது பொய். சென்ற மாதம் ஓர் அழைப்பில் இரண்டு அமெரிக்கர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்; நான் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர் சட்டென்று நிறுத்தி, "சாரி, கேன் ஆர் கேன்ட்?" என்று கேட்டார். முதலாமவர், "கேன்னாட்" என்று முழுச் சொல்லாகச் சொன்னார். அன்றைய தேதியிட்டு அதை என் நோட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.