நடுவழியில் பைக் பஞ்சரானால் சிங்கப்பூரில் என்ன செய்வது, தள்ளிக்கொண்டே போகலாமா?

அடுக்குமாடி புளோக் கீழே, கார் நிறுத்துமிடத்தில் என்றால் தாராளமாகத் தள்ளுங்கள். விரைவுச்சாலையில் கூடவே கூடாது. ஊர் மாதிரி மரத்தடியில் பழைய டயரைத் தொங்கவிட்ட பஞ்சர் கடையும் இங்கே கிடையாது, வந்த புதிதில் நான் தேடியிருக்கிறேன்.

எனக்கு நடந்தது ஆயர் ராஜா விரைவுச்சாலையில், காலை ஆறரைக்கு, துவாஸ் வேலைக்குப் போகும்போது. பின்பக்கம் மீன் வால் மாதிரி ஆடியது. (முன்சக்கரம் என்றால் ஹேண்டில் கனக்கும், அது இன்னும் மோசம்.) பிரேக்கை அழுத்தத்தான் கை போகும், ஆனால் காற்றுப் போன சக்கரத்தின் பிரேக்கைத் தொடாமல் த்ராட்டிலை மெல்ல விட்டு, சிக்னல் போட்டு, இடது ஓரத் தடத்துக்கு வந்துவிட வேண்டும். வண்டியைத் தடுப்பை ஒட்டி நிறுத்திவிட்டு நீங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். நான் வண்டிப் பக்கத்திலேயே குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு டிப்பர் லாரி போன காற்றில் ஹெல்மெட் உருண்டு ஓடியது. அப்புறம்தான் புத்தி வந்தது.

அங்கிருந்து நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போன் போடுங்கள். அவர்களுடைய மீட்பு வண்டி இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, விரைவுச்சாலையை விட்டு இறக்கி அவர்கள் குறித்து வைத்திருக்கும் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் விடுவார்கள், காசு கிடையாது. ஒர்க்‌ஷாப் வரைக்கும் கொண்டுபோய் விடமாட்டார்கள். பலர் இது தெரியாமல் நேரே தனியார் இழுவை வண்டியைக் கூப்பிட்டுக் காசை விடுகிறார்கள்.

அடுத்து, உங்கள் டயர் டியூபா டியூப்லெஸா? கம்பி ஸ்போக் சக்கரம் என்றால் பெரும்பாலும் டியூப். அதை நடுவழியில் கழற்றப் பார்க்காதீர்கள், ஊபி, காக்கி புக்கிட் பக்கம் ஏதாவது ஒர்க்‌ஷாப்பைக் கூப்பிட்டு லாரியில் ஏற்றுவதுதான் வழி. டியூப்லெஸ் என்றால் ஆணியை உடனே பிடுங்காதீர்கள், அதுதான் காற்றை அடைத்துக்கொண்டிருக்கும். எச்சிலைத் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் அங்கேதான் கசிவு. எனக்குச் சிக்கியது தகரக் கூரைக்கு அடிக்கும் ஸ்க்ரூ.

சீட்டுக்கு அடியில் பஞ்சர் கிட் வைத்திருந்தால், ரப்பர் திரியை ஊசியில் கோத்துப் பசை தடவித் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் ஆணியை எடுக்க வேண்டும். அரத்தை ஓட்டையில் நாலைந்து முறை ஏற்றி இறக்கி, திரியைச் செருகி, ஊசியை வெடுக்கென்று இழுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுங்கள். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் திரி வேலைக்கு ஆகாது, டயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாயின் முனை கார்களுக்காகச் செய்தது, பைக்கின் பின்சக்கரத்தில் டிஸ்க்கும் பல்சக்கரமும் இடிக்கும். எல் வடிவ வால்வ் நீட்டிப்பு ஒன்று வாங்கி சாவிக்கொத்திலேயே மாட்டி வையுங்கள், சின்னதுதான்.