குகூஷ்காவா, ஸோஸூல்யாவா? ஸ்லாவியக் குயிலின் பெயர்கள்: கேள்வி பதில்

ஸ்லாவிய மொழிகளில் குயில் இனப் பறவைக்கு உள்ள பெயர்களைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். வந்தவற்றில் எனக்குப் பிடித்ததற்கு நிறையவும் பிடிக்காததற்குக் குறைவாகவும் எழுதியிருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: அந்த மொழிகளின் ஒலிகள் சிலவற்றுக்குத் தமிழில் எழுத்தே இல்லை. கீழே உள்ளவை தோராயம்தான்.

திருச்சி நண்பர்: ரஷ்யர் குகூஷ்கா என்கிறார், அண்டை வீட்டு உக்ரேனியர் ஸோஸூல்யா என்கிறார். ஒரே பறவைக்கு ஏன் இத்தனை வித்தியாசம்?

இரண்டு தனித்தனிச் சொற்கள் அவை. ஒன்று கூவலைக் காதில் வாங்கி அப்படியே பெயராக்கியது: ரஷ்யக் குகூஷ்கா, செக் குகாச்கா, செர்பியக் குகாவித்சா. இன்னொன்று வடக்கிலும் கிழக்கிலும் கிடக்கிற வேறு குடும்பம். உக்ரைனில் ஸோஸூல்யா, பெலாரஸில் ஸ்யாஸ்யூல்யா, பழைய செக்கில் ஜெஜ்ஹுலே. இதன் உறவினர் பால்டிக் பக்கம் இருக்கிறார்கள்: லிதுவேனியாவில் கெகுஜே, லாத்வியாவில் ட்ஸெகுஸே, அழிந்துபோன பழைய பிரஷ்யன் மொழியில் கெகுசே. லிதுவேனியர் மே மாதத்துக்கே கெகுஜே என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

லிதுவேனியச் சொல்லின் முதல் 'க'வைக் கவனியுங்கள். ஸ்லாவியத்தில் 'எ'க்கு முன் வந்த அந்த ஒலி ஜகரம் போல மாறியது. அப்புறம் அந்த ஜகரமும் சொல்லுக்குள் பின்னால் வரும் ஸகரமும் ஒன்றையொன்று இழுத்ததில் இரண்டும் ஒரே ஒலியாயின. ஸோஸூல்யா அப்படி வந்ததுதான். பழைய ரஷ்யத்திலும் இதே குடும்பத்துச் சொல் இருந்தது. பேச்சில் அதைக் குகூஷ்கா தள்ளிவிட்டது.

ஈரோடு நண்பர்: போலந்தில்?

பொதுச் சொல் குகுவ்கா. ஆனால் 'க்ஜெக்ஜுவ்கா' என்று ஒரு வட்டாரச் சொல் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதலில் வைக்கும் கண்ணி அது. அந்த ஜகரத்தை எழுத இரண்டு வழி, உகரத்தை எழுத இரண்டு வழி, காதுக்கோ எல்லாம் ஒன்றே. ஒரு போலந்துத் தோழி காபிக் கடையில் காகிதக் கைக்குட்டையை என் பக்கம் தள்ளி எழுதச் சொன்னார். மூன்று இடத்தில் தப்பு. அதன் மேலேயே சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்தார்.

கோவை நண்பர்: குயில், கோகிலம், குகூஷ்கா எல்லாம் ஒரே வேரா?

இல்லை. பறவை கத்தினால் யாருக்கும் காது கேட்கும், ஒலிப்போலிச் சொல்லைக் கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை. ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடாதீர்கள். போகட்டும், பறவையும் வேறு. நம் ஆண் குயில் கருப்பு, காக்கைக் கூட்டில் முட்டை வைக்கும் இனம். குகூஷ்கா சாம்பல் நிறம், சிறு குருவிகளின் கூட்டைத் தேடிப் போகும்.

மதுரை நண்பர்: இகோர் இளவரசனின் படையெடுப்பைப் பாடும் பழைய காவியத்தில் யாரோஸ்லாவ்னா 'ஸெக்-ஸித்சாவாகப் பறப்பேன்' என்கிறாளே, அது குயிலா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். படையெடுப்பு நடந்தது 1185இல். இகோர் சிறைப்படுகிறான். மனைவி யாரோஸ்லாவ்னா புத்தீவ்ல் கோட்டை மதிலில் நின்று, தூனாய் நதி வழியே பறந்துபோய்க் கயாலா ஆற்றில் சட்டைக் கையை நனைத்து அவன் காயங்களைத் துடைப்பேன் என்று புலம்புகிறாள். அந்தச் சொல் நம் ஸோஸூல்யா குடும்பம். என் கணக்கில் அது குயில்தான்.

மதுரை நண்பர் மறுபடி: குயில் ஆற்றின் மேல் பறக்குமா? தெஸ்னா ஆற்றுப் பக்கம் ஆள்காட்டி இனப் பறவைக்கு இதைப் போன்ற பெயர் இருக்கிறதாமே?

அந்த வாதம் உண்டு, சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் இவள் பறவையியல் பாடம் நடத்தவில்லை, ஒப்பாரி வைக்கிறாள். ஸ்லாவிய நாட்டுப்புறப் பாட்டில் குயில் என்றால் இழந்தவள். செர்பியத்தில் குகாத்தி என்றாலே புலம்புவது. தூனாயும் அப்படித்தான், பாட்டில் எந்தப் பெரிய ஆற்றுக்கும் வரும் பெயர் அது.

சென்னை நண்பர்: மதுரைக்காரர் சொல்வதே சரி. இறக்கையை நனைக்கிறவள் நீர்ப்பறவையாகத்தானே இருப்பாள்?

நனைவது சட்டைக் கை. பெண்ணாகவே நின்றுதான் நனைக்கிறாள். மூலத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

நெல்லை நண்பர்: 'குயில்' என்பதும் 'குகு'வும்…

கோவைக்காரருக்குச் சொன்னதுதான்.

சேலம் நண்பர்: குயில் கூவும்போது பையில் காசு வேண்டுமாமே?

வருஷத்தின் முதல் கூவலைக் கேட்கும்போது காசைக் குலுக்க வேண்டும், அந்த வருஷம் பஞ்சமிருக்காது என்பார்கள். இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன் என்று குயிலையே கேட்டு, கூவலை எண்ணுவதும் உண்டு. கீவில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா எண்ண ஆரம்பித்தார். நான்கோடு பறவை நிறுத்திக்கொண்டது. "இது வேறு யாருக்கோ" என்று உள்ளே போய்விட்டார்.

தஞ்சை நண்பர்: லெலேகா என்பதும் குயிலா?

நாரை. துருக்கி மொழி வழியாக வந்த சொல். இன்னொரு நாள் பேசலாம்.

வேலூர் நண்பர்: செர்பியாவில் குகாவித்சா என்று திட்டுகிறார்களாமே?

ஆமாம், கோழை என்று பொருள். பல்கேரியாவிலோ, புத்தி கெட்டவனைப் பார்த்து 'குயில் இவன் மூளையைக் குடித்துவிட்டது' என்பார்கள்.

புதுச்சேரி நண்பர்: தமிழ்க் குயில்தான் ரஷ்யாவுக்குப் போய்…

போகவில்லை.

மதுரை நண்பர்: ஆள்காட்டிதான். நான் விடமாட்டேன்.

விடாதீர்கள். அந்த மதிலில் காலை நேரத்தில் ஆள்காட்டி கத்தியிருந்தால் ஊரே எழுந்து சண்டைக்கு வந்திருக்கும்.