எங்கள் ரோட்டில் வண்டிகள் பறக்கின்றன, யாரைப் பிடிப்பது?

கேட்டவர் பெரம்பூர் பக்கம் குடியிருக்கிறார். வீட்டை ஒட்டிய ரோட்டில் பைக்கும் லோடு வண்டியும் கண்மண் தெரியாமல் போகின்றன, குழந்தைகளை வெளியே விட முடியவில்லை, மாநகராட்சிப் புகார் எண் 1913க்கு போன் போட்டுப் புகார் எண் வாங்கியும் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மெசேஜ் வந்ததோடு சரி, வேகத்தடை போட வைக்க என்னதான் செய்வது என்கிறார்.

நான் தண்டையார்பேட்டை. எங்கள் தெருவுக்காக இதே வேலையில் நன்றாக அலைந்திருக்கிறோம், பாதி நடந்தும் இருக்கிறது. அதில் பிடிபட்டது இதுதான்: "வண்டிகள் வேகமாகச் செல்கின்றன, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் அந்த மனுவை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. போலீஸிடம் கொடுத்தால் அது மாநகராட்சி வேலை என்பார்கள், மாநகராட்சியில் கொடுத்தால் போக்குவரத்து போலீஸ் பரிந்துரை வேண்டும் என்பார்கள், இரண்டு பேர் சொல்வதிலும் பொய் இல்லை. எந்த இடம், எந்த நேரம், என்ன வண்டி, அங்கே என்ன வைக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் ஃபைல் நகரும்.

முதலில் அது யாருடைய ரோடு என்று பாருங்கள். உள்தெரு என்றால் மண்டல அலுவலகம், உங்கள் வார்டு உதவிப் பொறியாளர், அதாவது எல்லாரும் ஏ.இ. என்று கூப்பிடுகிறவர். பஸ் போகிற ரோடு என்றால் மாநகராட்சியிலேயே பேருந்துத் தடச் சாலைகள் துறை என்று தனியாக ஒன்று இருக்கிறது. சில பெரிய ரோடுகள் மாநகராட்சியிடமே இல்லை, நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. பெரம்பூர் என்றால் பெரும்பாலும் திரு.வி.க. நகர் மண்டலம், கொஞ்சம் தள்ளி வியாசர்பாடி என்றால் தண்டையார்பேட்டை மண்டலம். இது தெரியாமல் கவுன்சிலர் ஆபீஸ் வாசலில் நிற்பதில் பிரயோஜனம் இல்லை, அவரும் கடைசியில் அதே ஏ.இ.க்குத்தான் போன் போடுவார்.

அப்புறம் வேகத்தை அளந்துவிடுங்கள். இதற்கு ஸ்பீடு கன் எல்லாம் வேண்டாம். எங்கள் தெருவில் காலேஜ் படிக்கிற பசங்க இரண்டு பேர் மேஸ்திரியிடம் டேப் வாங்கி, ஈ.பி. பில்லர் பெட்டியில் ஆரம்பித்து 50 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் சாக்பீஸில் கோடு போட்டார்கள், மாடியில் நின்று போனில் வீடியோ எடுத்தார்கள். அந்தத் தூரத்தைக் கடக்க 6 விநாடி ஆனால் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறது, 3 விநாடி என்றால் 60. சென்னையில் 2023 நவம்பரில் போலீஸ் அறிவித்த வேக வரம்பில் குடியிருப்புப் பகுதிக்கு 30 தான், எந்த வண்டியாக இருந்தாலும். எங்கள் வீடியோவில் பைக்குகள் மூன்று விநாடிக்குள் போய்க்கொண்டிருந்தன. 60ல் வருகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும், ஓட்டுகிறவன் பிள்ளையைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும். இந்த வீடியோவைப் பென்டிரைவில் போட்டு மனுவோடு கொடுத்த பிறகுதான் போக்குவரத்து ஆய்வாளர் எங்களை உட்காரச் சொல்லிப் பேசினார்.

நேரத்தைக் குறித்ததில் இன்னொன்று வெளிப்பட்டது. நாள் முழுக்க வேகம் இல்லை, பக்கத்து ரயில்வே கேட் திறந்ததும்தான் வேகம். கேட்டில் நின்று நின்று வெறுத்துப்போன அத்தனை பேரும் மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து எங்கள் தெருவில் புகுந்து, விட்ட நேரத்தை இங்கேதான் பிடிக்கிறார்கள். குட்டி யானை, ஷேர் ஆட்டோ, ஐஸ் தண்ணி சொட்டச் சொட்ட மீன்பாடி வண்டி, எல்லாம் ஒரே மூச்சில் வரும். விடியற்காலையிலிருந்தே வருவது தண்ணி லாரி, அது வேறு கணக்கு, டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று காசு, எத்தனை நடை அடிக்கிறாரோ அவ்வளவு கூலி. இப்படிச் சம்பளம் வைத்துவிட்டு மெதுவாகப் போ என்றால் யார் போவார்கள்? டிரைவரை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 183வது பிரிவில் அதிவேகத்துக்குச் சின்ன வண்டி என்றால் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம், கனரக வண்டி என்றால் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை அபராதம் இருக்கிறது, ஆனால் அதைப் போட உள்தெருவில் விடியற்காலை யார் நிற்கப்போகிறார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், நீங்களே வேகத்தடை போட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கம் இது சகஜம். காசிமேட்டிலிருந்து பழைய வடக்கயிறு, கை மொத்தத்துக்கு இருக்கும், அதை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு ஆணி அடித்துவிடுவார்கள். எங்கள் தெருவிலும் ஒரு ராத்திரி யாரோ போட்டார்கள். பகலில் நன்றாகத்தான் இருந்தது, மழை பெய்ததும் கயிறு ஊறி வழுக்க ஆரம்பித்தது, பெயின்டும் இல்லை, விளக்கும் இல்லை, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு அம்மா விழுந்து மணிக்கட்டு உடைந்தது. வேகமாகப் போகிற பசங்க கயிற்றின் ஓரத்தில் சந்து கண்டுபிடித்து அதே வேகத்தில்தான் போனார்கள். சிமென்ட்டில் மேடு கட்டுவதும் இதே கதைதான்.

முறைப்படி போடுகிற வேகத்தடைக்கு, ரோடு போடுவதற்கு விதிமுறை வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது: வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மேலே தெரிகிற மாதிரி பெயின்ட், முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை. அகலமாக, சரிவாக இருப்பதால் மெதுவாக வருகிறவருக்கு முதுகு தெறிக்காது. இது சும்மா சொல்வதில்லை, எங்கள் தெரு வழியாக ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கு நிறைமாசப் பெண்களை ஆட்டோவில் கூட்டிப்போவார்கள், பத்தடிக்கு ஒரு மேடு என்று கேட்டு வாங்கினால் கஷ்டப்படுவது அவர்கள்தான். அதனால் எங்கே ஒன்று போதும் என்று யோசித்துக் கேளுங்கள்.

அந்த "எங்கே" என்பதில்தான் தெருவே இரண்டாகப் பிரிந்தது. எல்லாருக்கும் வேகத்தடை வேண்டும், பக்கத்து வீட்டு வாசலில் வேண்டும். டிபன் கடை அக்கா நேராகவே கேட்டார்: "தம்பி, ராத்திரி லோடு லாரி ஏறி எறங்கும்போது செவுரே ஆடும், நான் எப்படித் தூங்குறது?" நியாயம்தான். கடைசியில் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் என்று ஒத்துக்கொண்டார்கள், அங்கே ராத்திரி தூங்குகிறவர் யாருமில்லை. தெரு முழுக்கப் பேசி ஒரே இடத்தைச் சொல்லிவிட்டு மனு கொடுங்கள், இல்லையென்றால் ஆய்வுக்கு வருகிற ஏ.இ. முன்னாலேயே சண்டை போட்டு அவரைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

மனுவை ஒரே மாதிரி இரண்டு இடத்தில் கொடுங்கள், போக்குவரத்து ஆய்வாளரிடம் ஒன்று, மண்டல அலுவலகத்தில் ஒன்று. சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் இல்லை, போக்குவரத்துப் பிரிவு தனி. இரண்டிலும் "கூட்டு ஆய்வு செய்ய வேண்டும்" என்று எழுதுங்கள், இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றால்தான் ஒருவர் மேல் ஒருவர் போட முடியாது. பதிலே வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "எங்கள் மனு இன்ன தேதியில் கொடுத்தது, அதன் மேல் யார் என்ன குறிப்பு எழுதினார்கள், நகல் தரவும்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் போடவில்லை என்று கேட்டால் மழுப்புவார்கள், நகல் கேட்டால் ஃபைலைத் தேடி எடுத்தாக வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது: பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை, கேட் பக்கத்திலிருந்து தெரு திரும்புகிற இடத்தில் மாற்றி மாற்றி வைத்த இரண்டு பேரிகேட். லாரியை மனுவால் நிறுத்த முடியவில்லை, தண்ணீர் பிடிக்கிற இடத்திலேயே போய்ப் பேசியதில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மட்டும் சுற்று வழியில் விடுகிறார்கள். நடுராத்திரி பைக் பசங்க இன்னும் அப்படியேதான், அதற்கு வழி எனக்குத் தெரிந்தவரை போலீஸ் ரோந்து ஒன்றுதான்.

வேகத்தடை வந்ததும் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுப்பார்கள், அதோடு வேகத்தடையும் போய்விடும், திரும்பப் போடுவது கான்ட்ராக்டரின் கணக்கில் பல சமயம் இருக்காது. மெஷின் வந்து நிற்கும்போதே பழைய உத்தரவின் நகலோடு ஏ.இ.யைப் பார்த்துவிடுங்கள்.