தனியாக லாக் ஏறுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பரின் 50 அடி நேரோபோட்டை (குறுகிய கால்வாய்களுக்கென்றே கட்டிய ஒடுங்கிய நீளப் படகு) இரண்டு நாளுக்குக் கேட்டிருக்கிறேன். அவர் கூட இருக்கும்போது சுக்கான் பிடித்துப் பழக்கம் உண்டு. லாக் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) வேலை மட்டும் எப்போதும் இரண்டு பேராகத்தான் செய்திருக்கிறோம். இப்போது தனியாக, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் நாப்டன் லாக் வரிசையின் அடிவாரத்திலிருந்து ஃபென்னி காம்ப்டன் வரை போய் மறுநாள் திரும்ப எண்ணம். ஒரே பகலில் முடியுமா? நான் மேலே லாக்குக்குத் தண்ணீர் விடும் மதகைத் திருகும்போது படகை யார் பார்ப்பது? நடுவில் டீ போட நேரம் கிடைக்குமா?

க., கவென்ட்ரி

அன்புள்ள க.,

முடியும். நாப்டனில் ஏழு, மார்ஸ்டன் டோல்ஸில் இரண்டு, ஆக ஒன்பது லாக். தனி ஆளுக்கு ஒன்றுக்கு 20 முதல் 25 நிமிடம் வையுங்கள், மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்கு மேல் உச்சிநீர்ப் பகுதி, அதாவது கால்வாயின் மிக உயரமான, லாக் இல்லாத நீட்சி. நிலத்தின் ஒரே உயரத்தைப் பிடித்துக்கொண்டே வெட்டியதால் 11 மைலும் வளைந்து வளைந்து போகும். சட்டப்படி 4 மைல் வேகம் வரை போகலாம், ஆனால் அங்கே ஆழம் குறைவு, மூன்றுகூட வராது. த்ராட்டிலைக் கூட்டினால் அமரம் அமிழ்ந்து அலைதான் எழும். (நம் மீனவர் சொல்லிலேயே சொல்கிறேன்: முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம்.) ஃபென்னி காம்ப்டன் சேர இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல். காலை எட்டரைக்குக் கிளம்புங்கள். வறண்ட கோடையில் தண்ணீரை மிச்சம் பிடிக்க லாக் வரிசையைச் சீக்கிரம் பூட்டிவிடுவதுண்டு. முந்தைய நாளே கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். உடல் உழைப்பு பெரிய விஷயமில்லை. படகு எங்காவது மாட்டினால் கத்திச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் விஷயம். அந்த ஆளுக்குப் பதில் நடுக்கயிறு. கூரையின் நடுவிலிருந்து அமரம் வரை எட்ட வேண்டும், தண்ணீரில் விழுந்தால் ப்ரொபெல்லரை எட்டக் கூடாது. கியரை நியூட்ரலில் போடாமல், கயிற்றைக் கையில் எடுக்காமல் கரையில் கால் வைக்கவே வைக்காதீர்கள்.

ஏறும்போது: கீழே படகைக் கட்டிவிட்டு நடந்து போய் லாக்கைக் காலி செய்து, கீழ்க்கதவுகள் இரண்டையும் திறங்கள். 6 அடி 10 அங்குல அகலப் படகு 7 அடி அகல லாக்கில் நுழைய ஒரு கதவு போதாது. திறந்த கதவுகளின் இடைவெளியைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தனி ஆளுக்கு அது வேண்டாம், மேல்கதவு வழியாகச் சுற்றி வாருங்கள், அல்லது எதிர்க்கதவைப் படகுக் கொக்கியால் தள்ளுங்கள். உள்ளே வந்ததும் விண்ட்லாஸை (மதகைத் திருகும் கைப்பிடி) இடுப்புப் பட்டையில் செருகி, கயிற்றோடு ஏணியில் ஏறுங்கள். கதவுகளை மூடி, கயிற்றை இரும்பு முளையில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கரையிலுள்ள மதகைப் பாதி மட்டும் திறங்கள். தண்ணீர் புகுந்ததும் படகு முதலில் பின்னால் போகும், பிறகு முன்னால் இழுக்கும். அது அடங்கிய பிறகு முழுதும் திறக்கலாம். அணியத்தின் ஃபெண்டர் (மோதலைத் தாங்கும் மெத்தை) மேல்கதவின் சட்டத்துக்கு அடியில் மாட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மாட்டினால் மேல்மதகை மூடிவிட்டுக் கீழ்மதகைத் திறக்க வேண்டும். மதகுத் தண்டில் விண்ட்லாஸை விட்டுவிட்டு நகரக் கூடாது. திறந்த மதகு கீழே விழாமல் பிடித்திருக்கும் பல்தடுப்பு வழுக்கினால் அது சுழன்று பறக்கும்.

மறுநாள் இறங்குவதில்தான் படகு மூழ்கும் ஆபத்து அதிகம். மேல்கதவுக்கு அடியில் வாசற்படி மாதிரி ஒரு கட்டுமானம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், லாக் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. சுவரில் உள்ள வெள்ளைக் கோடுதான் அதன் எல்லை. சுக்கான் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். அமரம் படியில் உட்கார்ந்துவிட்டால் அணியம் மட்டும் தாழ்ந்து தண்ணீர் ஏறும். உடனே கீழ்மதகுகளை மூடுங்கள், அதன் பிறகே மேல்மதகை மெல்லத் திறங்கள். பதற்றத்தில் வரிசை மாறக் கூடாது. இறங்கும்போது கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவும் கூடாது, தண்ணீர் வடிந்ததும் படகு கயிற்றில் தொங்கும்.

வழியில் திடீரென வேகம் குறைந்து சுக்கான் நடுங்கினால் ப்ரொபெல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது. ஒரு முறை ரிவர்ஸ் கொடுங்கள். போகாவிட்டால் கரையில் கட்டி, எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட் ஹாட்சை (ப்ரொபெல்லருக்கு மேலே உள்ள மூடி) திறங்கள். ரம்பப்பல் ரொட்டிக் கத்திதான் சரியான ஆயுதம். மூடியைத் திரும்ப இறுக்கியதும் எஞ்சினை மெதுவாக ஓட்டி, கசிகிறதா என்று பாருங்கள். இந்த மூடி சரியாக உட்காராமல் மூழ்கிய படகுகள் உண்டு.

இரவில் நடுக்கயிற்றில் கட்டிப் படுக்காதீர்கள், பக்கத்தில் படகு போனால் சாய்க்கும். அணியத்துக்கு முன்னே ஒன்று, அமரத்துக்குப் பின்னே ஒன்று என முளையைச் சாய்வாக அடித்துக் கட்டுங்கள். தண்டு இறுக்கியின் (ப்ரொபெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுப்பது) கிரீஸ் திருகை இறுக்கம் தெரியும் வரை திருகிவிடுங்கள்.

டீக்கு நேரம் நிறைய இருக்கும், ஆனால் எல்லாம் லாக் நிறையும்போது கிடைக்கிற நேரம். அப்போது உள்ளே போனால் கயிறு யார் கையில் இருக்கும்? காலையில் அவிழ்க்கும் முன்பே ஃப்ளாஸ்கில் போட்டுக்கொள்ளுங்கள்.