கரை தெரிகிறது, கப்பல் ஏன் கரை சேரவில்லை?

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அதை நாலு மணி நேரத்தில் கடந்துவிடும் பயணிகள் கப்பல், காற்று பலமாக வீசும் நாளில் துறைமுக வாசலில் நின்றுவிடும் என்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்த கப்பலுக்குக் கடைசி நூறு மீட்டரில் என்ன சிரமம்?
– வாசகர், நாகப்பட்டினம்

சிரமமே அந்த நூறு மீட்டரில்தான். ஓடுகிற கப்பலில் சுக்கான் பலகையில் தண்ணீர் வேகமாக மோதும். அதனால்தான் கப்பல் சொன்னபடி திரும்புகிறது. துறைமேடையை நெருங்க வேகத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்ததும் சுக்கானின் பிடி தளர்ந்துவிடும், ஆனால் காற்றின் பிடி தளராது. உதாரணத்துக்கு, பக்கவாட்டில் 200 சதுர மீட்டர் பரப்பு காற்றுக்குத் தெரிகிற ஒரு கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதை ஒன்றேகால் டன் பலத்தில் தள்ளும். 72 கிலோமீட்டர் காற்றில் அது இரண்டரை டன் ஆகாது, 5 டன் ஆகிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் பலம் நாலு மடங்கு.

இத்துடன் அலையும் சேர்ந்துகொள்ளும். மேடையை ஒட்டி நிற்கும் கப்பல் ஒரு மீட்டர் ஏறி இறங்கினால், இடையில் வைத்த ரப்பர் தாங்கிகளிலிருந்து விலகி, வெறும் இரும்பும் கான்கிரீட்டும் மோதிக்கொள்ளும்.

கயிற்றைக் கவனித்தால் நிலவரம் புரியும். முதலில் முனையில் கனம் கட்டிய மெல்லிய எறிகயிற்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் பின்னால் தடித்த கட்டுகயிறு வரும். அதை மேடையிலுள்ள இரும்புக் குத்தியில் மாட்டுவார்கள். கப்பல் அலையோடு விலகும்போது அந்த நைலான் கயிறு மெலியும், இழையிலிருந்து தண்ணீர் பிழிந்து சொட்டும், கிரீச்சென்று முனகும். அதற்கு மேலும் இழுபட்டால் அறுந்து, சவுக்குபோல் வந்த திசையிலேயே திரும்பி அடிக்கும். காலையே முறிக்கிற அடி அது. கட்டி முடிக்கும்வரை பயணிகளை எழுந்திருக்க விடாததற்கு இதுவே முதல் காரணம். ஏணிப்பலகை போட்ட பிறகும் ஆபத்து தீர்வதில்லை; கப்பல் இறங்கும் நேரத்தில் கால் வைத்தால் பலகைக்கும் மேடைக்கும் நடுவே கால் சிக்கும்.

திரும்பி வரும்போது உங்கள் ஊரிலும் ஒரு சிக்கல் உண்டு. நாகைத் துறைமுகம் கடுவையாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. ஆறு கொண்டுவரும் மண்ணும் கடல் தள்ளும் மணலும் அங்கே திட்டாகச் சேரும். ஆழம் குறைந்த இடத்தில் அலை உடையும். அதில் முன்னும் பின்னும் சாயும் கப்பலின் அடி தரை தட்டிவிடலாம். அந்த நிலையில் வெளியே ஆழக்கடலில் முகப்பை அலைக்கு நேரே வைத்துக் காத்திருப்பதுதான் பத்திரம். அதைக் கேப்டனின் தயக்கம் என்று நினைக்காதீர்கள். அதுதான் அவர் வேலை. கப்பலில் இருப்பவர்கள் "கரைதான் தெரியுதே, விடுங்க" என்று நெருக்குவது உதவாது.

2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய இந்தச் சேவை ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டதும் வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுத்தான். மறுபடி ஓடியது 2024 ஆகஸ்ட் 16 முதல். ஐப்பசி, கார்த்திகையில் பயணம் வைத்திருப்பவர்கள் திரும்பும் தேதிக்கு இரண்டு நாள் இடைவெளி விட்டே மற்ற டிக்கெட்டுகளை எடுக்க வேண்டும்.

கன்னியாகுமரியில் நல்ல வெயில், காற்றே இல்லை. ஆனாலும் விவேகானந்தர் பாறைக்குப் படகு இல்லை என்றார்கள். ஏன்?
– வாசகி, திருநெல்வேலி

படகை நிறுத்தியது காற்று அல்ல, அலை. அந்த அலை பிறந்த இடம் கன்னியாகுமரி அல்ல. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல்காற்று கிளப்பிய அலை, சில நாள் பயணித்து இங்கே வருகிறது. கேரளத்து மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். திருடன்போல் சொல்லாமல் வருவதால். இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் (INCOIS) அந்தப் பெயரிலேயே எச்சரிக்கை விடுகிறது. 15 விநாடிக்கு ஒன்றாக வரும் இத்தகைய அலைக்கு ஆழ்கடலில் 350 மீட்டர் நீளம். அங்கே உயரம் தெரியாது. கரை ஏற ஏற நிமிர்ந்துகொள்ளும்.

கடல் உள்வாங்கி நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகு நிற்கும், அடியில் பாறை இருப்பதால். திருவள்ளுவர் சிலைப் பாறையில் படகு அணைவது இன்னும் கடினம். விவேகானந்தர் பாறைக்குப் போனவர்கள் சிலைக்குப் போக முடியாமல் திரும்பிய நாட்கள் அதனால்தான் அதிகம். 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்தபின் அந்தக் குறை தீர்ந்தது.

துறைமுகத்தில் 3-ம் எண் புயல் கூண்டு என்றால் 1-ஐவிட மூன்று மடங்கு ஆபத்தா?
– மாணவர், கடலூர்

இல்லை, மடங்குக் கணக்கு கிடையாது. 1, 2 தொலைவில் உள்ள புயலைக் குறிப்பவை: துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை, வெளியே போகும் கப்பல்கள் கவனம். 3, 4 துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம் என்பவை. 5, 6, 7-ல் எண் சொல்வது திசையை: புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாக அல்லது நேராக அதன்மேல் கரை கடக்கும் என்று. 8, 9, 10 அதையே கடும்புயலுக்குச் சொல்பவை. 11 என்றால் வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. பகலில் கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

கப்பல் வெளியே காத்திருக்கும்போதுதான் அதிகம் குமட்டுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, வேதாரண்யம்

ஓட்டம் நின்றால் ஆட்டம் கூடும், உங்கள் அனுபவம் சரியே. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கை கேளுங்கள். முனைகளில்தான் தூக்கிப்போடுவது அதிகம். கைபேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டிய பின் விழுங்கினால் வயிற்றில் தங்காது. வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், இரண்டு இட்லி போதும். சர்க்கரை நோயாளிகள் ஒருவேளை உணவும் மருந்தும் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். கீழே அடுக்கிய பெட்டியை அந்த ஆட்டத்தில் போய் எடுக்க முடியாது.